எண்ணெய் ஆகாத பப்படம்

சித்தி,

அம்மா ஊறுகாய்க்கு நாரத்தங்காய் நறுக்குகிறாள். கத்தி தோலில் இறங்கும்போது தெறிக்கிற பொடிச்சாறு நடுவீடு வரைக்கும் வந்து என் மூக்கில் ஏறுகிறது. மற்றவர்களுக்கு இந்த வாசனைக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்குக் கண்ணில். சாறு பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன், நம்பிவிட்டாள். நான் சொல்கிற பொய்களில் சின்னப் பொய்கள்தான் செல்லுபடியாகின்றன.

பச்சைக் கேட்டு வீட்டு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். அவளுடைய இரண்டாவது ரத்தப் பரிசோதனை. முதல் பரிசோதனைக்கு நீ கூட இருந்தாய். மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று சொன்னதும் நீதான். அந்த மூன்று மாதத்தில் பாதியில் நீ போய்விட்டாய். முடிவு என் கையில் இருக்கிறது. அதைச் சொல்லியே ஆகவேண்டிய ஆள் நீ ஒருத்திதான், ஆகையால் எழுதுகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் உன் அறை வாசலில் பெஞ்சில் என்னை எத்தனை நாள் காக்க வைத்திருக்கிறாய்? கொஞ்சம் நீயும் காத்திரு.

அந்த அறையின் வாசலில் ‘ஆலோசனை’ என்று பலகை தொங்கும். நான் அதை ‘ஆளோசை’ அறை என்பேன். ஆள் ஓசை கேட்டாலே உள்ளே இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வதால். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு காற்றாடி. வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று வருகிற பெண்களை டாக்டர் உன்னிடம் அனுப்புவார். நீ அவர்களிடம் பேச வேண்டும், பரிசோதனைக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும், ஆணுறை, பெண்ணுறை என்று உறை கொடுத்து அனுப்ப வேண்டும். “கருங்கல் ஊர்ப் பக்கம் பிறந்தது தப்பு சித்தி, நீ உறையூரில் பிறந்திருக்கணும்” என்று நான் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, “அலுத்துப்போச்சு மக்கா” என்றாய். தினமும் வீட்டுக்கு வந்ததும் நீ சொல்கிற முதல் வாக்கியம் அது. இரண்டாவது வாக்கியம், “கட்டஞ்சாயா இருக்கா?”

நாரத்தங்காய்க்கு வருகிறேன். பெரியண்ணன் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். கூடம் முழுக்க பலூன் கட்டியிருந்தார்கள். கேக்கை வெட்டக் கத்தியைத் தூக்கியதும் ஒன்று வெடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக நாலைந்து. யாரும் தொடவில்லை, ஊசி இல்லை, காற்றும் இல்லை. குழந்தை வீறிட்டது. கண்ணேறு என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள். அம்மா மிளகாயும் உப்பும் எடுக்க ஓடினாள். நான் மூலையில் நின்று மிக நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் நேராக என்னிடம் வந்து, “கைய நீட்டுட்டி” என்றாய். மோந்து பார்த்தாய்.

“நாரத்தைத் தோலு. இல்லியா?”

“இல்ல சித்தி, சோப்பு.”

“சோப்பு மூஞ்சியப் பாரு. எப்பிடிட்டி செஞ்ச?”

தோலை மடக்கி பலூனை நோக்கிப் பிதுக்கினால் போதும், அந்தச் சாறு ரப்பரைத் தின்றுவிடும் என்று சொன்னேன். தேங்காயெண்ணெயும் தின்னும், ஆனால் சாவகாசமாகத் தின்னும் என்றும் சொன்னேன். ரப்பர் மரம் வெட்டிப் பிழைக்கிற நம் ஊரில் இது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. எண்ணெய்க் கையோடு ரப்பர் ஷீட்டைத் தொட்டுவிட்டு அப்பாவிடம் ஏச்சு வாங்காத பிள்ளை இங்கே உண்டா? நீ ஏசவில்லை, யோசித்தாய். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“வர்ற சனிக்கிழம ஒனக்கு லீவுதான? ரெண்டு பலூனும் கொஞ்சம் எண்ணெயும் எடுத்துட்டு வா” என்றாய்.

அப்போது கல்லூரியில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பதினெட்டு வயது முடிந்த ஆளாக, ஒரு சேட்டைக்காக முதன்முதலில் அரசாங்கக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டேன்.

அங்கன்வாடியில் பெண்கள் குழுக் கூட்டம். சுவரில் மாம்பழமும் மயிலும் வரைந்திருக்கிற அறையில், பிள்ளைகள் உட்கார்கிற குட்டி நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாயில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கணவன்மார் கல்ஃபில். மீதிப் பேருக்கு ரப்பர் வெட்டு, முந்திரி ஆலை, வீடு. நீ கதவைச் சாத்திவிட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். ஆணுறை. பெண்ணுறை. உள்ளே வைக்கிற நுரை மாத்திரை. கடைசியில், கர்ப்பப்பை வாயை மூடுகிற ரப்பர் மூடியின் படம் ஒன்று. மூடி நம் ஊரில் கிடைக்காததால் படம் மட்டும்.

ரப்பர் வெட்டுக்குப் போகிற தங்கம் அக்காதான் ஆரம்பித்தாள்.

“சிஸ்டரே, எனக்கு ஆபரேஷன் ஆயி ஆறு வருசமாச்சு. எனக்கு எதுக்கு இந்த எழவெல்லாம்?”

“ஆபரேஷன் பிள்ள வர்ற வழியத்தான் அடைச்சிருக்கு. நோய் வர்ற வாசல் தொறந்துதான கெடக்கு?”

“எனக்க மாப்பிள நல்லவராக்கும்.”

“நல்லவருக்குப் பல்வலி வராதா? நோய் ஆளுக்க குணத்தக் கேட்டுட்டா வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற வரை நின்று, அதற்குப் பிறகு நீ சொன்னதை எனக்கு இப்போதும் அப்படியே சொல்ல வரும். மாத்திரையையும் மூடியையும் ஓரமாகத் தள்ளினாய். இந்த இரண்டும் பிள்ளைக்கு ஏதோ கொஞ்சம் தடுக்கும், நோய்க்கு நம்பக் கூடாது. நுரை மாத்திரையை அடிக்கடி வைத்தால் உள்ளே புண்ணாகும், புண் இருந்தால் நோய்க்கு நாமே கதவைத் திறந்து வைத்த மாதிரி. ஆக மிச்சம் இரண்டு.

“ஆணுறை குடை மாதிரி கேட்டியளா. நல்ல குடை. ஒழுங்கா புடிச்சா மழ படாது. ஆனா குடை அவிய கையிலயில்லா இருக்கு? அவிய விரிச்சாத்தான் உண்டு. பெண்ணுறை மழைக்கோட்டு. நாம போடுகது. அவிய வாறதுக்கு முந்தியே போட்டுக்கிடலாம், யாருக்க தயவும் வேண்டாம்.”

“அப்பம் ரெண்டையும் சேத்துப் போட்டா நனையவே மாட்டோமே?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும். ஒரு நேரம் ஒண்ணு. அடுத்த நேரம் புதுசு. பெறவு இன்னொண்ணு, குடையானாலும் கோட்டானாலும் கால் கொஞ்சம் நனையத்தான் செய்யும். உறை மூடாத எடத்துல புண்ணோ மருவோ இருந்தா, தொட்டாலே ஒட்டிக்கிடும். அதனால போட்டிருக்கோம்லான்னு பரிசோதனைக்கு வராம இருக்கப்பிடாது.”

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எண்ணெய் தடவிவிட்டிருந்த பலூன் ஜன்னல் கம்பியில் படாரென்று வெடித்தது. தங்கம் அக்கா பாயிலிருந்து ஒரு முழம் எழும்பி, “சவத்து மூதி!” என்று என்னை ஏசினாள். நீ அதற்காகவே காத்திருந்த மாதிரி ஆணுறைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாய். “இதும் ரப்பராக்கும். எண்ணெய் தொட்டா இதுதான் கதி.” தங்கம் அக்கா தலையாட்டினாள். ரப்பரும் எண்ணெயும் ஒட்டாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அந்த மழைக்கோட்டு கிலுகிலுன்னு சத்தம் கேக்குமாமே சிஸ்டரே?”

“கேக்கும். அது ரப்பர் இல்ல, அதனால எண்ணெய் ஆகும். ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டா சத்தம் அடங்கிரும்.”

சித்தி, அந்த ஒரு வாக்கியம். பல வருஷமாக நீ சொல்லி வந்த வாக்கியம், அதுவரைக்கும் சரியாக இருந்த வாக்கியம். அன்றைக்குப் புதுப் பெட்டி வந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளின் நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று நினைத்தாய். பதினொரு பேர் பெண்ணுறை வாங்கிக்கொண்டு போனார்கள். பைக்குள், முந்தானைக்குள், ஒருத்தி சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள். வட்டமாக, தட்டையாக இருந்ததால் அதற்கு ‘பப்படம்’ என்று பெயர் வைத்தது நான். அந்தக் கூட்டத்திலேயே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டத்துக்கு ஒத்திகை பார்த்தேன். என் திட்டம் பெரிது. பலூன் ஒன்று, பெண்ணுறை ஒன்று, இரண்டிலும் எண்ணெய் தடவி, தண்ணீர் ஊற்றி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டியது. பலூன் உடையும், மற்றது உடையாமல் நிற்கும், கூட்டம் கைதட்டும். பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் இரண்டையும் தொங்கவிட்டேன். பலூன் சொன்ன நேரத்துக்கு உடைந்தது. அடுத்ததன் பக்கவாட்டில் ஒரு துளி தண்ணீர் வேர்த்தது. பிறகு ஒரு கோடு. பிறகு முழுசாகக் கிழிந்து என் காலில் கொட்டியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சித்தி, ஓடி வா! உன் மழைக்கோட்டு ஒழுகுது!”

நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். கிழிந்ததைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. அடுக்களையில் இருந்த உன் பையை எடுத்து வந்து, பிரிக்காத பொட்டலம் ஒன்றைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கம் வாசித்தாய். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வாசித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாய்.

“இது ரப்பராக்கும்” என்றாய். “முந்தி வந்தது வேற சாமான். இது ரப்பர். எண்ணெய் கூடாதுன்னு எழுதியே போட்டிருக்கான்.”

துவைக்கிற கல்லின் மேல், ஈரத்தில், அப்படியே உட்கார்ந்தாய். பாத்திரம் வாங்கப் போனாலும் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்துவிட்டு வாங்குகிறவள் நீ. எங்களையெல்லாம், “பின்பக்கம் வாசிச்சியா?” என்று உயிரை எடுக்கிறவள். ஒரே ஒரு தடவை திருப்பாமல் விட்டுவிட்டாய். நான் சிரித்துக்கொண்டிருந்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன். இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் காலில் தண்ணீர் கொட்டுகிறது.

“வண்டிய எடு” என்றாய்.

பதினொரு வீடு. வெயில் உச்சியில். ஸ்கூட்டரில் பின்னால் நீ. மாமியார்கள் இருக்கிற வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது? அங்கேதான் என் வாய் உதவியது. “சித்தி குடுத்த பப்படத்துக்கு எண்ணெய் ஆகாதாம்” என்று நான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவளுக்குப் புரியும், கேட்கக் கூடாதவளுக்குப் புரியாது. நாலாவது வீட்டில் ஆச்சி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எண்ணெயில போடாத பப்படத்த என்னட்டி செய்ய?”

“சுட்டுத் திங்கணும் ஆச்சி. கொழுப்புக்கு நல்லது.”

“யாருக்கு? ஒனக்கா? ஒனக்குத்தான் கொழுப்பு கூடிக் கெடக்கு.”

அவளுடைய மருமகள் அடுக்களை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு வெளுத்த முகத்தோடு உன்னைப் பார்த்தாள். நீ தலையை மட்டும் ஆட்டி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா என்று கண்ணால் சொன்னாய். ஒவ்வொரு வீடாக அப்படித்தான். அதிகம் பேர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. சிலர் எண்ணெய் தொடவில்லை. ஒருத்தி மாமியாருக்குப் பயந்து கிணற்றில் போட்டுவிட்டாளாம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் உன் மூச்சு கொஞ்சம் இளகும், அடுத்த வீட்டுப் படியில் மறுபடி இறுகும். நான் ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஜோக் சொன்னேன். உன் கை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது.

பதினோராவது, பச்சைக் கேட்டு வீடு.

அவள் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். சத்தியம் வாங்கியிருக்கிறாய். மாமியார் இல்லாத வீடு. கணவர் கல்ஃபிலிருந்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து, முற்றத்தில் குழாய் போட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலிலிருந்தே பப்படக் கதையை ஆரம்பித்தேன். அக்கா சிரிக்கவில்லை. உன் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப் போனாள். நீ என்னிடம், “வெளிய நில்லு” என்றாய்.

“அவ நிக்கட்டும் சிஸ்டர்” என்றாள் அக்கா. “யாராவது ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லியிருக்கவும் மாட்டாய். அவளுக்குப் புருஷனிடமிருந்து மூன்று தடவை பால்வினை நோய் ஒட்டி, மூன்று தடவையும் மருந்து தின்றிருக்கிறாள். முந்தின லீவில் இரண்டு தடவை, இந்த லீவில் ஒன்று. புருஷனும் சேர்ந்து மருந்து தின்றால்தான் தீரும். அவர் வரவில்லை. உறை போடச் சொன்னால், ஆபரேஷன் ஆன பிறகு எதற்கு, என்மேல் சந்தேகமா என்று மூன்று நாள் பேசாமல் இருந்தாராம். பப்படம்தான் அவள் கையில் இருந்த ஒரே வழி.

“ஒண்ணு கிழிஞ்சுது சிஸ்டர். நான் எனக்க நகம் பட்டுதான் கிழிஞ்சுதுன்னு நெனச்சேன். அன்னைக்கே நகத்த ஒட்ட வெட்டினேன்.”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். சதை தெரிகிற அளவுக்கு வெட்டியிருந்தாள்.

“எத்தன நாளாச்சு?”

“பத்து.”

மூன்று நாளைக்குள் வந்திருந்தால் எச்ஐவி ஒட்டாமல் இருக்க டாக்டரிடம் கேட்டு வேறு மருந்து பார்த்திருக்கலாம் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாய். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

“நகம் இல்ல மக்கா. எனக்க தப்பாக்கும். எண்ணெய் ஆகும்னு நான்தான் சொன்னேன். பின்னாடி எழுதியிருந்தத நான் வாசிக்கல்ல.”

பெரியவர்கள் யாரும் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா உன்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள், உன் தோளிலேயே. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவியகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சந்தேகம்னுதான் சொல்லுவாவ” என்றாள்.

“முழுசும் சொல்லட்டா? சம்மதமா?”

“சம்மதம்.”

நீ முற்றத்துக்குப் போனாய். அந்த நடையை நான் மறக்க மாட்டேன் சித்தி. பத்து வீட்டுப் படி ஏறி இறங்கிய கால்.

“தம்பி, அந்தக் கொழாய நிறுத்துங்க. ஒங்ககிட்டதான் பேசணும்.”

அவர் நிறுத்தவில்லை. தண்ணீரைச் சக்கரத்தின் பக்கம் திருப்பினார், அவ்வளவுதான்.

“ஒங்க வீட்டுக்காரிக்கு மூணு தரம் மருந்து குடுத்தாச்சு. நீங்க ஒரு தரம் வந்தா இது தீந்திரும்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“இல்லேங்கத எழுதித் தரத்தான் கூப்பிடுகேன்.”

பின்னால் நின்ற நான் வேறு ஒரு நாளாக இருந்தால் விசில் அடித்திருப்பேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் வந்துவிட்டது. நீ அந்த ஈரத்தில் செருப்போடு நடந்து வந்து வண்டியில் ஏறினாய். வீடு வந்து சேர்ந்தும் அலுத்துப்போச்சு என்று சொல்லவில்லை. கட்டஞ்சாயா கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்தாள். எச்ஐவி இல்லை என்று வந்தது. நாட்கள் போதாது, மூன்று மாதம் போகட்டும் என்றாய். அவர் வரவில்லை. செவ்வாய், புதன், வரவில்லை. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வந்தார். அறைக்குள் வரமாட்டேன் என்று மரத்தடியில் நின்றார். நீ அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாய். மாத்திரையை வாங்கி உன் கண் முன்னால் விழுங்கினார். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று போய்விட்டார். “பாதி நடந்திருக்கு மக்கா” என்று பாதிச் சிரிப்பு சிரித்தாய். இதையெல்லாம் எனக்குச் சொன்னது நீ இல்லை, அக்காதான். நீ சொன்னது அந்தப் பாதி வாக்கியம் மட்டும்.

அடுத்த கூட்டத்தில் மயிலுக்கும் மாம்பழத்துக்கும் முன்னால் நின்று எல்லாரிடமும் தப்பைச் சொன்னாய். புதுப் பொட்டலத்தையும் பழைய பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். இது ரப்பர், எண்ணெய் கூடாது. இது வேறு, எண்ணெய் ஆகும். பெட்டி மாறும்போதெல்லாம் மாறும், வாசித்துத்தான் சொல்ல முடியும். பலூன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். சில பேர் அதற்குப் பிறகு வரவில்லை. சிஸ்டருக்கே தெரியல்ல, நமக்கு எதுக்கு என்றார்களாம். நான் கோபப்பட்டேன். அந்தப் பேச்சைப் பேசிய வீட்டு பலூன்களை எல்லாம் உடைக்கிறேன் என்றேன். நீ செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு சொன்னாய்.

“சொல்லுகது எனக்க வேல. கேக்காம இருக்கது அவியளுக்க உரிம. மறுவாரமும் சொல்லணும், அவ்வளவுதான். அலுப்பாத்தான் இருக்கு. அலுத்துட்டே சொல்லலாம், ஒண்ணும் கொறையாது.”

அக்கா ரத்தம் கொடுத்த ஏழாவது வாரம், ஒரு காலையில், நெஞ்சு எரிகிறது என்றாய். இஞ்சி தட்டிப் போட்ட கட்டஞ்சாயா குடித்தாய். “வாயுவாக்கும்” என்றாய். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறேன், அங்கே காட்டிக்கொள்கிறேன் என்றாய். பஸ் நிறுத்தம் வரைக்கும் நானே வண்டியில் விட்டிருக்கலாம். தூங்கிக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் வலியை மறைக்காதே என்று மிரட்டுகிறவள், நிறுத்தத்து இரும்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாய். பையில் உறைப் பெட்டி, சாப்பாடு, கண்ணாடி. கூட்டம் கூடியபோது பை திறந்து சாமான் எல்லாம் ரோட்டில் சிதறிக் கிடந்ததாம். யாரும் கேலி பேசவில்லை என்று தங்கம் அக்கா சொன்னாள். அவள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து தந்தவள்.

கல்ஃபிலிருந்து சித்தப்பா லீவு கிடைத்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்கு வருகிறேன். பச்சைக் கேட்டு அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். “யாராவது ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கட்டும்” என்று அன்று சொன்னாளே, அந்த ஒருத்தி நான். நேற்று ரத்தம் எடுத்தார்கள், இன்று முடிவு. உன் அறையில் உன் நாற்காலியில் புதிதாக ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். நல்லவள்தான். காற்றாடி அதே சத்தம் போடுகிறது. பெஞ்சில் பச்சைக் கேட்டு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வழக்கம்போல ஏதாவது உளறிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

இல்லை, சித்தி. ஒன்றும் இல்லை. எச்ஐவி இல்லை. மற்றவற்றுக்கும் பார்த்தார்கள். அந்தப் பழைய நோயும் திரும்பி வரவில்லை.

நீ கல்லின் மேல் உட்கார்ந்தாயே, அதிலிருந்து இனி எழுந்துகொள்ளலாம்.

அக்கா குதிக்கவில்லை, அழவும் இல்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். அடுத்த லீவுக்கு அவர் வருவார். ரத்தம் கொடுத்தால்தான் குடையில்லாமல், கோட்டில்லாமல் என்று போனில் சொல்லிவிட்டாளாம். என்ன சொன்னார் என்று கேட்டேன். “லைன் கட்டாயிட்டு” என்றாள். அவர் கட் பண்ணினாரா, தானாகக் கட் ஆனதா என்று அவளுக்கும் தெரியவில்லை. கிளம்பும்போது புது அக்கா ஒரு பொட்டலம் பப்படம் எடுத்து நீட்டினாள். மறுபடியும் வேறு நிறத் தாள்.

நான் கை நீட்டுவதற்கு முன்னால் அக்காவே வாங்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள்.

“ஏட்டி, இந்த எறும்பெழுத்து எனக்குத் தெரியல்ல. நீ வாசி.”

வராந்தா முழுக்க ஆட்கள் இருந்தார்கள். சத்தமாகவே வாசித்தேன், ஒரு வரி விடாமல், தயாரித்த நாள் முதல் கடைசிப் புள்ளி வரைக்கும்.